அக்காவின் பெயரில் ஒரு கீறல்

கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்ததால் ஆபீசில் அவருக்கு லென்ஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே லென்ஸ் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் லென்ஸ். வீட்டில் அவருக்கு என்று இருந்தது ஒரே ஒரு அக்கா. அவளுக்கு அவர் டேய். தலை நரைத்து, முன்வாயில் கட்டுப்பல் வைத்த மனிதரை, மாடிப்படியில் வேற்று ஆள் ஏறி வரும்போதுகூட வாய் நிறைய டேய் என்றுதான் கூப்பிடுவாள்.

பாறைகளை ஆராயும் அரசாங்க ஆபீசில் வேலை. மேல்மாடிகளில் வெளிச்சமும் மின்விசிறியும் உள்ளவர்கள் இருந்தார்கள். இவருக்குக் கீழ்த்தளம். ஜன்னல் என்று ஒன்று உண்டு, அதில் தெருவில் நடக்கிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். சுவர் முழுக்க இழுப்பறைகள். இழுப்பறை நிறையக் கல். சுரங்கம் தோண்டும் இடம், சாலை வெட்டும் இடம், கல்குவாரி என்று எங்கிருந்தோ பலகை பலகையாகப் பிளக்கும் கறுப்புக் கல் மூட்டையில் வந்து இறங்கும். கல்லின் மேல், குழந்தை பென்சிலை எடுத்துக் கிறுக்கியதுபோலச் சாம்பல் நிறக் கோடுகள். தெரியாதவன் பார்த்தால் துடைத்துவிட்டுப் போவான்.

அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடலில் மிதந்த உயிர். கிராப்டோலைட் என்பார்கள். ஒற்றை உயிர் இல்லை, ஒரு குடித்தனக் கூட்டம். நடுவில் ஒரு தண்டு. தண்டு நெடுகச் சின்னச் சின்னக் குடுவைகள். குடுவைக்கு ஒரு ஜீவன். தரையில் ஒரு மரம்கூட முளைக்காத காலத்தில் அவை வாழ்ந்து, செத்து, கடலடிச் சேற்றில் விழுந்தன. சேறு இறுகிக் கல்லானது. குடித்தனம் மொத்தமும் நசுங்கி, ரம்பப்பல் போட்ட ஒரு கோடாகிவிட்டது.

கோடு எந்த இனம் என்று சொல்லத் தெரிந்தால் கல் எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். லென்ஸுக்கு அதுதான் சம்பளம். முழுசாக ஒன்று கிடைத்தால் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். தொடக்கம் இல்லாமல் வரும், முடிவு இல்லாமல் வரும், நகத்துணுக்கு அளவுக்கு நடுத்துண்டு மட்டும் வரும். கோடு எவ்வளவு அகலம், குடுவைகள் எவ்வளவு நெருக்கம், குடுவையின் வாய் நேராகத் திறக்கிறதா கீழே மடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, துண்டிலிருந்து முழு ஆளைச் சொல்ல வேண்டும். ரயிலில் எதிரே இருப்பவனின் முழங்கையை மட்டும் பார்த்து அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற மாதிரிப் பிழைப்பு. அதில் அவர் கெட்டிக்காரர். வேறு எதிலும் கெட்டிக்காரர் இல்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பால்பல் விழுகிற வயது. அக்கா அப்போதே ஓர் இஸ்திரிக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்ததை அவள் புருஷன் கடைசிவரை மன்னிக்கவில்லை. குடித்தான், அவளை அடித்தான், ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தான். "அவன் எனக்குச் செஞ்ச நல்லது ஒண்ணே ஒண்ணு. சீக்கிரம் செத்தான்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் கூசாமல் சொல்வாள். கேட்டவர்கள் சட்டையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

அப்புறம் கடை அவள் கைக்கு வந்தது. கீழே கடை, மேலே இரண்டு அறை. அவள் துணி தேய்க்கத் தேய்க்க அவர் படித்தார். அவள் ஒன்றும் தியாகி இல்லை. போட்ட சாப்பாட்டை ஒவ்வொரு வேளையும் சொல்லிக் காட்டினாள். "உனக்குக் கொட்டினதுல ஒரு குதிரை வளர்த்திருக்கலாம். அது வண்டியாவது இழுத்திருக்கும்." காய்ச்சலில் கிடந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஈரத்துணி போடுவாள். அவருக்குப் பெண் தேடவும் செய்தாள். வந்த பெண்ணிடம் அவர் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "நிமிர்ந்து என் மூஞ்சியப் பார்க்கல" என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நடுவயதில் அவர் கைக்கு ஒரு குவாரியிலிருந்து ஒரு பெட்டி துண்டுகள் வந்தன. மெலிந்த கோடு, தள்ளித் தள்ளிக் குடுவைகள். தெரிந்த எந்த இனத்தோடும் அளவு ஒத்துவரவில்லை. இரண்டு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். இருக்கிற புத்தகத்தையெல்லாம் புரட்டினார். இது புது இனம்தான் என்று எழுதி அனுப்பினார். துறையில் பெரியவர்கள் படித்து ஒத்துக்கொண்டார்கள். முதலில் விவரித்து எழுதியவருக்குப் பெயர் வைக்கும் உரிமை. அவர் அக்காவின் பெயரை வைத்தார். அதைச் சொல்ல நேராகக் கடைக்கு ஓடினார். அவள் ஒரு காலரை மடக்கி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பூச்சிக்கா என் பேரை வச்ச? ஒரு தெரு, ஒரு கட்டடம், எதுவும் ஆப்புடலியா உனக்கு?"

"பூச்சி இல்லக்கா. கடல்ல இருந்த உயிரு."

"இப்ப இருக்கா?"

"இல்ல. செத்து நாப்பது கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு."

"செத்த பூச்சி. அதுவும் பழசு. நல்லாத்தான் தேடிப் புடிச்சிருக்க."

இப்படிச் சொன்னவள் மறுநாளிலிருந்து அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். சட்டை வாங்க வருகிற வக்கீலிடம், "உங்க பேர்ல என்ன இருக்கு, கரண்ட் பில்லுதானே? என் பேர்ல ஒரு உயிரே இருக்கு. உலகம் பூரா புஸ்தகத்துல போட்டிருக்கான்" என்பாள். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்குத் தன் பெயர் அச்சில் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தால் விரலைச் சரியாக அங்கே கொண்டுபோய் வைப்பாள். புருஷன் வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஏய் என்பார்கள், இல்லாவிட்டால் கடைக்காரன் பொண்டாட்டி. அந்த ஆத்திரம் மொத்தமும் அந்த ஒரு சொல்லின் மேல் விரல் வைக்கும்போது கொஞ்சம் அடங்கும்.

வருஷங்கள் போயின. அக்காவுக்கு இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்தது. கடையைச் சாவி வெட்டுகிறவனுக்கு விட்டுவிட்டு மேலே ஜன்னலோரம் படுத்துவிட்டாள். கால் இரண்டும் தலையணை போல வீங்கிப் பளபளத்தன. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அப்போதும் பேசினாள். காலையில் அவளைத் துடைத்துவிட்டு, மாத்திரையும் டீயும் கொடுத்துவிட்டு லென்ஸ் ஆபீசுக்குப் போவார். பகலில் ஒரு நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் சாலை வெட்டும் இடத்திலிருந்து அந்தப் பெரிய பலகைக்கல் வந்தது. பழைய குவாரிக்குப் பின்புறம், அதே பாறை அடுக்கு. ஆபீஸ் தலைவர் அந்த வட்டாரம் முழுக்கப் பாறை அடுக்குகளின் வரைபடம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். அதில் ஓர் அடுக்கு இங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளமே அக்காவின் பெயர் கொண்ட இனம்தான்.

கீழ்த்தளத்தில் லென்ஸுக்குத் துணை ஒரே ஒருத்தி. கல்லில் இருப்பதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துப் படம் வரைகிறவள். மூன்று பிள்ளை பெற்றவள், நாக்கு நீளம், கை சுத்தம். அவள் பலகையை மேஜையில் கிடத்தி, பிரஷ்ஷால் தண்ணீர் தடவி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். ஈரத்தில் கோடுகள் மினுங்கிக்கொண்டு எழும்பி வந்தன.

"சார், இங்க வாங்க. இது உங்க அக்காதானே?"

"துண்டா, முழுசா?"

"முழுசு மாதிரிதான் தெரியுது. ஆனா உங்க அக்கா பாதி வழியில வேற யாராவோ மாறுறாங்க."

"காலங்காத்தால விளையாடாதம்மா."

"நான் எங்க விளையாடறேன். வந்து பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு கோடு. முறியாத, நீளமான, நடுவில் முழங்கை மடக்கியதுபோல வளைந்து கிடந்த கோடு. தொடக்கப் பாதி மெலிவு. குடுவைகள் தள்ளித் தள்ளி. அளந்து பார்க்கவே தேவையில்லை, அக்காவின் இனம். வளைவில் அதே கோடு பருக்கத் தொடங்கியது, குடுவைகள் நெருங்கின. அங்கே அளந்தால் ஊரறிந்த ஒரு பழைய இனத்தின் அளவு. வளைவு தாண்டி இன்னும் பருத்து, இன்னும் நெருங்கி, எந்த இனத்திலும் சேராத ஓர் அளவு. ஒரே உடம்பு. ஒரு குடித்தனத்தில் பிறந்து ஒன்றாகச் செத்தவை.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். எப்படி என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்கே இது தெரியும். மலை நெருக்கும்போது கல் ஒரு பக்கமாக இழுபடும். இழுத்த வாக்கில் கிடக்கும் கோடு நீண்டு மெலியும். குறுக்கே கிடக்கும் கோடு குறுகிப் பருக்கும். அதனால்தான் கல்லைப் பெயர்க்கும்போதே எந்தத் திசையில் கிடந்தது என்று மேலே ஓர் அம்புக்குறி போட வேண்டும். குவாரிக்காரர்கள் பெட்டிக்குள் அடங்கட்டும் என்று கல்லை ரம்பத்தால் அறுத்து, கோடு உள்ள பட்டையை மட்டும் அனுப்பியிருந்தார்கள். கடலடி நீரோட்டத்தில் எல்லாக் கோடும் ஒரே வாக்கில் படிந்திருந்ததால் அறுக்கவும் வசதி. எல்லாம் ஒன்றுபோல மெலிந்திருந்தன. அம்பு எங்கே என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அத்தனை துண்டும் ஒரே அளவில் இருந்ததைப் பார்த்து, பார், எவ்வளவு ஒற்றுமை, இது புது இனமேதான் என்று பூரித்துப் போயிருந்தார். ஒற்றுமையைப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்க வேண்டியவர்.

"சார், மூஞ்சி ஏன் இப்படி ஆயிருச்சு? தண்ணி குடிங்க."

"ஒண்ணுமில்ல."

படம் வரைகிறவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவள் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அக்கா அவளை உட்கார வைத்து அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். படம் நான் போட்டதுதான் என்று இவள் சொன்னபோது, "போட்டா போட்ட, பேரு என்னோடது" என்று பதில் வந்தது.

"இதைப் படம் போடட்டுமா, வேண்டாமா?" என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இப்ப வேண்டாம்."

"நான் ஒண்ணும் பார்க்கல சார். நீங்க சொல்றப்ப பார்க்கறேன்."

அவர் பலகையை அடி இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார். ஆபீஸ் தலைவர் கேட்டபோது, இன்னும் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். வாழ்நாளில் அவர் வேலையில் சொன்ன முதல் பொய் அது. பொய் சொல்லிப் பழகாததால் காதுமடல் சிவந்தது. தலைவர் வரைபடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. அக்கா அதிக நாள் இருக்கப்போவதில்லை. அவள் போகட்டும், பிறகு இழுப்பறையைத் திறக்கலாம். அதற்குள் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. ஆபீசில் அவரையும் படக்காரியையும் தவிர அந்தப் பலகையைத் திருப்பிப் பார்க்கப்போகிறவர் யாருமில்லை. தன் பெயர் உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்போடு ஒரு கிழவி கண்ணை மூடினால் பாறைக்கு என்ன நஷ்டம்?

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வரைபடம் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. அக்கா போகவில்லை. தலைவர் கூப்பிட்டு அனுப்பும்போதெல்லாம் அவர் படியேறுவார், இன்னும் கொஞ்சம் டயம் வேணும் என்பார், இறங்குவார். காலையில் கண் விழித்ததும் அக்கா படுத்திருக்கும் பக்கம் காதைக் கொடுப்பார். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும். எழுந்து டீ போடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தனக்குள் ஏதோ சலித்துக்கொள்வதை அவர் கவனிக்காததுபோல இருந்தார்.

டாக்டர் வந்த அன்று அதை மறைக்க முடியாமல் போயிற்று. முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, காலை அழுத்திப் பார்த்துவிட்டு, டாக்டர் சந்தோஷமாக நிமிர்ந்தார்.

"பரவால்லயே. நுரையீரல்ல தண்ணி குறைஞ்சிருக்கு. வீக்கமும் வத்துது. இந்த மாத்திரை நல்லா கேக்குது. பாட்டி இன்னும் ரொம்ப நாள் நம்மள வெரட்டுவாங்க."

லென்ஸின் மனசு தொப்பென்று கீழே விழுந்தது. நல்ல செய்தி கேட்டு விழுந்தது. அவர் டாக்டரின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார், நன்றி சொன்னார், திரும்பி மாடிப்படியில் பாதி ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாவி வெட்டுகிறவனின் யந்திரம் கீழே கிறீச்சென்று இரும்பை அரைத்துக்கொண்டிருந்தது. அக்கா சாக வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மேலே போனார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். சாயங்கால வெளிச்சம் அவள் காலின் மேல் விழுந்து கிடந்தது.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு. டாக்டர் உன்கிட்ட தனியா என்னமோ சொல்லிட்டுப் போனானா?"

"உன்னைப் பத்தி இல்ல. கல்லைப் பத்தி."

"கல்லைப் பத்தியா. நல்லவேளை, நான் பயந்தேன்."

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அவர் தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்துக் காட்டினார். ஒரு பக்கம் நீண்டது, மறுபக்கம் ஒடுங்கியது.

"துணி தேய்ச்சே கை காய்ச்சுப்போனவகிட்ட துணிய இழுத்துக் காட்டறியா. மேல சொல்லு."

"கல்லும் இப்படித்தான் இழுபடும். நான் உன் பேரு வச்சேனே, அது தனி இனம் இல்லக்கா. ஏற்கெனவே பேரு உள்ள ஒண்ணுதான். இழுபட்டதால மெலிஞ்சு வேற மாதிரி தெரிஞ்சிருக்கு. நான் ஏமாந்துட்டேன். இப்ப ஒரு கல்லு வந்திருக்கு, அதுல சந்தேகத்துக்கே இடமில்ல."

அவள் போர்வையின் ஓரத்தை நீவி, மடிப்பு எடுத்து, மறுபடி நீவினாள். தேய்த்த கை, சும்மா இருக்காது.

"அப்ப என் பேரு?"

"அழிக்க மாட்டாங்க. ஒரு தடவை அச்சுல வந்த பேரை எங்க தொழில்ல யாரும் அழிக்கறதில்ல. அந்தப் பழைய பேரை மேல போட்டு, அதுக்குக் கீழ உன் பேரை எழுதுவாங்க. இன்ன வருஷம் இன்னார் தப்பா இப்படிச் சொன்னார்னு."

"அந்தப் பழைய பேரு யாரோடது?"

"யாரோ ஒருத்தர். நூறு வருஷத்துக்கு முந்தி செத்துப்போனவர்."

"ஆம்பளையா?"

"ஆமா."

"கீழதான் எழுதுவாங்களா?"

"கீழதான்க்கா."

"செத்த ஆம்பளைக்குக் கீழ, தப்புன்னு போட்டு. சரிதான். உசுரோட இருந்தவனுக்குக் கீழ இருந்தது பத்தலன்னு." மூச்சு வாங்கியது. அடங்கியதும் கேட்டாள். "வேற பூச்சிக்கு வையேன். உன்கிட்ட இல்லாத பூச்சியா."

"முடியாது. இந்த வகையறாவுல ஒரு தடவை வச்ச பேரை மறுபடி இன்னொண்ணுக்கு வைக்கக் கூடாது. அது செல்லாமப் போயிருந்தாலும் கூடாது. எனக்குத் தெரிஞ்சது இந்த வகையறா மட்டும்தான்."

"என் மாமியார் வீட்டுச் சட்டமே தேவலாம்."

அவர் ஈரக் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடுத்த. அதையும் திருப்பி எடுத்துக்கற. நான் போற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலயா உனக்கு? நானா போய் அந்தக் கல்லைத் திருப்பிப் பார்க்கப்போறேன்? எனக்குப் படிக்கவே தெரியாதுடா."

"அப்படித்தான்க்கா இருந்தேன். இருக்க இருக்க, நீ எப்பப் போவன்னு பார்க்க ஆரம்பிச்சுட்டேன்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அறையில் உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. கைக்குட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"தெரியும். டாக்டர் தேவலாம்னு சொன்னப்ப உன் மூஞ்சி தொங்குச்சு. பார்த்துட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்."

"அக்கா."

"என் பீ மூத்திரம் அள்ளி அலுத்துப்போச்சு இவனுக்குன்னு நெனச்சேன். நியாயம்தான்னும் நெனச்சேன். எனக்கே அலுத்துப்போச்சு. சரி, மாத்திரையை முழுங்காம விட்டுடலாமான்னு கூடப் பார்த்தேன். பூச்சிக்காகன்னு தெரியாமப் போச்சு."

அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாளா என்று பார்த்தார். சிரிப்பும் இருமலும் கலந்து வந்தது. அது கடைசியில் அழுகையாக முடிந்தது. புருஷன் அடித்தபோதுகூட அவள் அழுது அவர் பார்த்ததில்லை. தோளைத் தொடப் போனார். அவள் தட்டிவிட்டாள்.

"தொடாத. எழுதிப் போடு. பொய்யா இருக்கற ஒண்ணை வச்சுக்கிட்டு நான் வக்கீல்கிட்ட பீத்திக்கிட்டு இருந்திருக்கேன் இத்தனை வருஷம். எழுதிப் போட்டுட்டு என்கிட்ட பேசாம இரு கொஞ்ச நாளைக்கு. ஆனா சூப்பு மட்டும் நேரத்துக்குக் குடு."

மறுநாள் அவர் பலகையை இழுப்பறையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தார். படம் வரைகிறவள் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்தாள். வளைந்த கோட்டைத் தொடக்கத்திலிருந்து, குடுவை குடுவையாக, மெலிவும் பருமனும் அப்படியே வரைந்தாள். அவ்வளவு அழகான படம் அவள் அதுவரை போட்டதில்லை. லென்ஸ் இழுப்பைக் கழித்துக் கணக்குப் போட்டார். பழைய குவாரித் துண்டுகளையும் எடுத்துக் கணக்கில் சேர்த்தார். எல்லாம் ஒழுங்காகப் போய் அந்தப் பழைய பெயரில் விழுந்தன. ஒரு துண்டாவது தப்பி வெளியே நிற்காதா என்று பார்த்தார். நிற்கவில்லை. அந்த இனத்தைத் தவறாக விவரித்தவன் நானேதான் என்று சுற்றி வளைக்காமல் எழுதினார்.

ஆபீஸ் தலைவருக்கு வரைபடத்தில் அடுக்கையே மாற்ற வேண்டி வந்தது. அவர் கத்தினார். "இத்தனை நாள் எங்கய்யா இருந்தது இந்தக் கல்லு?" லென்ஸ் உள்ளதைச் சொன்னார். தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கதவைக் காட்டிப் போகச் சொன்னார். அந்தப் பார்வை கத்தலைவிட மோசமாக இருந்தது. அதன் பிறகு லென்ஸ் பார்த்து அனுப்பிய கற்களை மேலே இன்னொருவர் மறுபடி பார்த்தார். அவர் காதுபடச் சொல்லவில்லை, ஆனால் கல் திரும்பி வரும்போது வேறொருவரின் பென்சில் அடையாளம் அதில் இருக்கும்.

அக்கா மாத்திரையை விடவில்லை. வீக்கம் வற்றி, கட்டிலில் சாய்ந்து உட்காருகிற அளவுக்குத் தேறினாள். அவரிடம் பேச ஆரம்பித்தாள். சூப்பில் உப்பு இல்லை என்றாள், போர்வை ஈரம் என்றாள், டேய் என்றாள். பூச்சியைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வாள். பகலில் ஊசி போட வரும் நர்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் போக, புதிதாக ஒருத்தி வந்தாள். இளம்பெண், வாயாடி. பழைய நர்ஸ் இவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போல.

"பாட்டி, உங்க பேர்ல ஏதோ ஒரு உயிரு இருக்காமே. கல்லுக்குள்ள. நர்ஸ் அக்கா சொன்னாங்க. எங்க, புஸ்தகத்தைக் காட்டுங்க."

லென்ஸ் அடுப்படியில் சூப்பை ஆற்றிக்கொண்டிருந்தார். கரண்டி கையிலேயே நின்றது.

"இருந்துச்சு. அது நான் இல்லன்னு ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

"ஐயோ, அப்ப யாரு அது?"

"யாரோ ஒருத்தன். ஊசியைப் போடு, கை வலிக்குது தூக்கிப் புடிச்சுக்கிட்டு."

குரலில் கோபம் இருந்ததா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கோபம் இல்லை. வருத்தம்கூடத் தெரியவில்லை. காணாமல்போன சட்டையைப் பற்றிக் கடைக்கு வந்தவனிடம் சொல்லும் குரல் அது. நர்ஸ் போகும்வரை அவர் அடுப்படியிலேயே நின்றார். பிறகு சூப்பை எடுத்துக்கொண்டு போய், ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கி நிமிர்த்தி, ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஆறிப்போச்சு என்றாள்.